எண்பத்து மூன்றாம் வாக்கியம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. ஜெராக்ஸ் கடையின் ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. அதற்குள் ஒரு பெண் குனிந்து உள்ளே வந்துவிட்டாள். கையில் தடித்த ஒரு கோப்பு.

"மெஷின் சூடாக இன்னும் பத்து நிமிஷம் ஆகும்மா," என்றார் கடைக்காரர்.

"ஜெராக்ஸ் எடுக்க வரலை சார். அம்மாவைப் பாக்கணும். ஒரு பொருள் காணாமப் போச்சு."

கடைக்காரருக்கு மெஷினுக்கு முன்பே சூடு ஏறிவிட்டது. ஷட்டரை மறுபடி கீழே இழுத்தார். "ஏம்மா, கேஸ் வந்திருக்கு!" என்று உள்பக்கம் குரல் கொடுத்தார்.

உள்ளிருந்து வந்த அவர் மனைவியை அந்தத் தெருவில் எல்லோரும் சுருக்கெழுத்து அம்மா என்றுதான் சொல்வார்கள். விசாரணை அலுவலகம் ஒன்றில் முப்பது வருடம் சாட்சிகளின் பேச்சைச் சுருக்கெழுத்தில் எடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அக்கம்பக்கத்தில் ஏதாவது தொலைந்தால் அவரிடம் வருவார்கள். அவர் அதிகம் பேசமாட்டார். அந்தக் குறையைக் கணவர் தீர்த்து வைத்தார்.

வந்தவள் ஆங்கில ஆசிரியை. பள்ளிப் பிள்ளைகளுக்காக இலக்கணப் பயிற்சி நூல் ஒன்று எழுதி முடித்திருந்தாள். திங்கட்கிழமை பதிப்பகத்துக்கு அது போக வேண்டும். பன்னிரண்டு பாடங்கள். அதில் ஏழாவது, நேர்கூற்றை அயற்கூற்றாக மாற்றுவது. ஒருவர் வாயால் சொன்னதை அப்படியே கொடுத்து, 'அவர் இன்னதைச் சொன்னார்' என்று இன்னொருவர் சொல்வதுபோல் மாற்றி எழுதச் சொல்லும் பாடம். நூறு வாக்கியங்கள், பதினான்கு தாள்கள்.

"அதுல பின்பாதி ஏழு தாள் நேத்து சாயங்காலம் காணோம். மூணு மணிக்கு ஸ்பெஷல் கிளாஸுக்குப் போனேன். கோப்பு சாப்பாட்டு மேஜையில திறந்தபடியே இருந்துச்சு. அஞ்சரைக்கு வந்து பாத்தா மூடி வெச்சிருக்கு. உள்ள ஏழு தாள் இல்ல."

"சந்தேகம் யார் மேல?" என்று கடைக்காரர் முந்தினார்.

"எங்க ஸ்கூல்லயே இன்னொரு இங்கிலீஷ் சார் இருக்கார். அவரும் இதே மாதிரி ஒரு புத்தகம் எழுதறார், அதே பதிப்பகத்துக்கு. என் டிக்‌ஷனரியை வாங்கிட்டுப் போய் ஒரு மாசம் ஆச்சு, இன்னும் திருப்பித் தரலை. உங்க ஏழாவது பாடம் முடிஞ்சுதான்னு வாரம் ரெண்டு தடவை கேப்பார்."

"முடிஞ்சது கேஸ்!" கடைக்காரர் மேஜையில் தட்டினார்.

சுருக்கெழுத்து அம்மா கோப்பைப் புரட்டிக் கடைசிப் பக்கங்களுக்குப் போனார். "இது என்ன?"

"விடைகள். நூறு வாக்கியத்துக்கும்."

"அப்போ தொலைஞ்ச கேள்விகளை இந்த விடையைப் பாத்து நீங்களே திருப்பி எழுதிடலாமே?"

ஆசிரியை தயங்கினாள். "எழுதலாம்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு நாலு மணி நேரம்."

"அதைச் செய்யாம இங்க வந்திருக்கீங்க. தாள் போனதுல உங்களுக்குக் கவலையில்ல. அது யார் கையில இருக்குங்கறதுலதான் கவலை. இல்லையா?"

ஆசிரியையின் கண் கலங்கியது. கடைக்காரர் அவசரமாக ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"எங்க வீட்டுல கீழ, மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுத்திக் காயில் கட்டற பட்டறை. முன் அறையில என் மாமனார், பின்கட்டு ஷெட்டுல என் வீட்டுக்காரர். நாலு வருஷமா அப்பாவும் பிள்ளையும் பேசிக்கறதில்ல. ஒரு பம்புசெட் மோட்டார் கட்டிக் குடுத்த ஒரே வாரத்துல எரிஞ்சு போச்சு. நீ கட்டினது, நீங்க கட்டினதுன்னு ஆரம்பிச்சாங்க. அதுக்கப்புறம் எது சொல்லணும்னாலும் என்கிட்டதான். நான்தான் இங்கேருந்து அங்க, அங்கேருந்து இங்க."

"சொன்னதைச் சொன்னபடியே கொண்டு போவீங்களா?"

"போனா வீடு நிக்குமாம்மா? அவர் நெருப்பா ஒண்ணு சொல்வார், நான் தண்ணி ஊத்தி இவர்கிட்ட சொல்வேன். இவர் கத்தறது அங்க போறப்ப வேற மாதிரி போகும். ஆனா பாடத்துக்கு வாக்கியம் வேணுமே? கற்பனையில எழுதினா உயிரே இல்ல. வீட்டுல கேட்டதை அப்பப்போ குறிச்சு வெச்சேன். நூறும் அவங்க ரெண்டு பேரும் நிஜமா சொன்னது. இங்கிலீஷ் இலக்கணப் புத்தகத்தை அவங்களா படிக்கப் போறாங்கன்னு நினைச்சேன்." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ரெண்டு பேர்ல ஒருத்தர் படிச்சிருந்தாகூட அவ்வளவுதான். தனி வீடு பாருன்னு என் வீட்டுக்காரர் போன மாசமே ஒரு தடவை சொல்லிட்டார். நாலு வருஷமா நான் பேசிப் பேசிக் காப்பாத்தின வீடு."

"யார்கிட்டயாவது கேட்டீங்களா?"

"எப்படிக் கேப்பேன்? என்ன தாள், அதுல என்னன்னு வருமே!"

சுருக்கெழுத்து அம்மா எழுந்தார். "என்னங்க, நம்ம மிக்ஸியை எடுங்க."

"மிக்ஸியா? எதுக்கு?"

"பட்டறைக்குச் சும்மா போக முடியுமா? ரெண்டு வருஷமா அது அலறுதுன்னு சொல்லிட்டிருக்கேன். ஒரு திருட்டு நடந்தாத்தான் ரிப்பேருக்குப் போகும்னு அதுக்கு எழுதியிருக்கு."

பட்டறையின் முன் அறை செம்புக் கம்பி வாசனையும் வார்னிஷ் நெடியுமாக இருந்தது. சுவரோரம் வார்னிஷ் டப்பாக்கள், ஒவ்வொன்றின் மேலும் பெரிய ஆங்கில எழுத்துகள். ஒல்லியான பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இவர்கள் நுழைந்ததும் முழங்காலால் இழுப்பறையைத் தள்ளி மூடிவிட்டு நிமிர்ந்தார். மிக்ஸியின் அடியிலிருந்த தகட்டைக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். "வோல்ட்... வாட்ஸ்... ம். திறந்து பாக்கணும்."

அவர் திறந்தார். பழைய காயிலை வெளியே எடுக்கும் முன், கம்பிக்கும் இரும்புக்கும் நடுவே வைக்கும் மஞ்சள் இன்சுலேஷன் பேப்பரில் ஒரு துண்டு நறுக்கினார். எத்தனை சுற்று, எந்தப் பக்கம் என்று பென்சிலால் கோடுகள் போட்டு, காயில் இருந்த இடத்தில் அந்தத் துண்டைச் செருகினார்.

"இது எதுக்குங்க?" என்றார் கடைக்காரர்.

"எடுத்த இடத்துல கணக்கு வைக்காம எதையும் எடுக்கக் கூடாது. அப்புறம் எதை எங்க வைக்கறதுன்னு தெரியாது. இந்தப் பட்டறையில யார் கை வெச்சாலும் அப்படித்தான்." அவர் மருமகள் பக்கம் திரும்பினார். "அவன்கிட்ட கேளு. போன வாரம் வாங்கின கம்பிக் கட்டு எங்க? கம்பியைச் சுத்தறானா, நூடுல்ஸ்னு நினைச்சுத் திங்கறானா?"

ஆசிரியை நடையில் இருபதடி நடந்தாள். சுருக்கெழுத்து அம்மாவும் பின்கட்டைப் பார்ப்பதுபோல் கூடவே போனார். ஷெட்டில் ஒரு மோட்டார் இரைச்சலாக ஓடிக்கொண்டிருந்தது.

"என்னங்க, கம்பி தீர்ந்து போச்சான்னு மாமா விசாரிக்கறார்."

மகன் நிமிராமலே சொன்னார்: "வேலை செய்யறவனுக்குத்தான் கம்பி தீரும். உக்காந்து வேவு பாக்கறவருக்கு எப்படித் தீரும்னு போய்ச் சொல்லு."

மறுபடி இருபதடி. "வேலை நிறைய வந்துடுச்சாம் மாமா. இன்னைக்கே வாங்கி வெச்சுடறேன்னு சொன்னார்."

பெரியவர் மருமகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்படியா சொன்னான்?" என்றார். பிறகு மிக்ஸியிடம் குனிந்துகொண்டார்.

மாடியில்தான் வீடு. சாப்பாட்டு மேஜையில் ஒரு பிளாஸ்க், இரண்டு டம்ளர்.

"நேத்து நீங்க இல்லாதப்ப மாடிக்கு யார் வருவாங்க?" என்றார் சுருக்கெழுத்து அம்மா.

"டீ போட்டு பிளாஸ்க்ல வெச்சுட்டுப் போனேன். மாமா நாலரைக்கு வந்து குடிப்பார். இவர் ஒரு மோட்டாரை டெலிவரி பண்ணிட்டு அஞ்சு மணிக்கு வந்தார், அவரும் குடிச்சிருக்கார். ஒருத்தர் இறங்கின அப்புறம்தான் இன்னொருத்தர் ஏறுவார்."

சுருக்கெழுத்து அம்மா கோப்பை மேஜையில் விரித்து ஏழாம் பாடத்தின் முன்பாதியைப் படித்தார். 'அப்பா மகனிடம் சொன்னார்: உன் கையில் அந்த மோட்டாரைக் கொடுத்தது என் தப்பு.' 'அப்பா மகனிடம் சொன்னார்: பத்து வயதில் உனக்கு இருந்த பொறுமைகூட இப்போது இல்லை.' ஐம்பது வாக்கியங்களும் ஆங்கிலத்தில் அதே பாணியில் இருந்தன.

"பின்பாதி?"

"அது திருப்பி. மகன் அப்பாகிட்ட சொன்னது."

முன்பாதி முடிந்த இடத்தில் கெட்டியான மஞ்சள் காகிதத் துண்டு ஒன்று செருகியிருந்தது. ஏழு பென்சில் கோடுகள்.

"இது?"

"இந்த வீட்டுல சோத்துப் பானையிலகூட இன்சுலேஷன் பேப்பர் கிடக்கும்மா. ஏதோ பறந்து வந்திருக்கும்."

"திறந்து வெச்சுட்டுப் போனீங்களே, மேல தெரிஞ்சது எந்தத் தாள்?"

"எண்பதுலேருந்து எண்பத்தாறு வரைக்கும் இருக்கற தாள். கடைசியா அதைத்தான் சரிபார்த்தேன்."

இதற்குள் கடைக்காரர் ஸ்கூட்டரில் போய் அந்த ஆசிரியரைப் பார்த்துவிட்டு மூச்சு வாங்க மாடியேறி வந்தார்.

"ஆளு வசமா மாட்டினான்! நேத்து நாலு மணிக்கு இங்க வந்தானாம். டிக்‌ஷனரியைத் திருப்பிக் குடுக்க. கீழ மோட்டார் சத்தத்துல கூப்பிட்டது யாருக்கும் கேக்கலையாம். மாடியேறி வந்து இதே மேஜையில டிக்‌ஷனரியை வெச்சுட்டுப் போனேன்னு சாதிக்கறான். எங்க டிக்‌ஷனரி? காட்டுங்க பாப்போம்!"

மேஜையில் இல்லை. அலமாரியில் இல்லை. கட்டிலுக்கு அடியிலும் கடைக்காரர் தேடினார், இல்லை.

"பொய்யி! போலீஸுக்குப் போலாமா?"

"உக்காருங்க," என்றார் மனைவி. "முதல்ல தண்ணி குடிங்க. அவர் சொன்னது அத்தனையும் உண்மை."

கடைக்காரர் டம்ளரைப் பாதியில் நிறுத்தினார்.

"திருடினவர், நான் அந்த மேஜை வரைக்கும் போனேன்னு தானா வந்து சொல்லுவாரா? அது மட்டும் இல்ல. புத்தகம் எழுதற ஒருத்தர் திருடறதா இருந்தா, பாடத்தோட விடையையும் சேர்த்து எடுத்திருப்பார். விடை அப்படியே இருக்கு. எடுத்தவருக்கு இந்த விடை தேவைப்படல."

"ஏன் தேவைப்படல?" என்றாள் ஆசிரியை.

"'அவர் இப்படிச் சொன்னார்'ங்கற பாதி அவருக்கு மனப்பாடம். நாலு வருஷமா நீங்கதான் அவர்கிட்ட சொல்லிட்டு இருக்கீங்களே. நிஜமா என்ன பேசினாங்கன்னு தெரிஞ்சா போதும், ரெண்டையும் அவரே ஒப்பிட்டுப் பாத்துக்குவார்."

ஆசிரியை நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

சுருக்கெழுத்து அம்மா மஞ்சள் துண்டை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் காட்டினார். "இது பறந்து வந்ததில்ல. ஏழு தாள், ஏழு கோடு. எடுத்த இடத்துல கணக்கு வைக்காம எதையும் எடுக்கக் கூடாதுன்னு கீழ ஒருத்தர் சொன்னார். கை தானா செஞ்சுட்டது. திருடணும்னு வந்தவன் ரசீது வெச்சுட்டுப் போகமாட்டான். திரும்ப வைக்கணும்னு நினைச்சவர்தான் வெப்பார். ஆக, எடுத்தது பட்டறைக்காரங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்."

"யாரு? இவரா?" ஆசிரியையின் குரல் இறங்கியது. "இவருக்குத்தான் இங்கிலீஷ் தெரியும். டிப்ளமா படிச்சவர்."

"உங்க வீட்டுக்காரர் எடுத்திருந்தா முன்பாதி போயிருக்கும். தன்னைப் பத்தி அப்பா என்ன சொன்னார்னுதானே அவருக்குத் தெரியணும்? தான் பேசினதைத் தானே எதுக்குத் திருடணும்? போனது மகன் சொன்னது. அப்போ தேடினது அப்பா."

"மாமாவுக்கு ஏபிசிடிதான் தெரியும்மா! மோட்டார் தகடு படிப்பார், அவ்வளவுதான்."

"அதனாலதான் டிக்‌ஷனரியும் போச்சு," என்றார் சுருக்கெழுத்து அம்மா. "டிப்ளமா படிச்சவருக்கு அது எதுக்கு? டீ குடிக்க வந்தார். திறந்த தாள் கண்ணுல பட்டுது. அதுல தினம் பாக்கற வார்த்தை ஏதோ இருந்திருக்கு. பக்கத்துலயே டிக்‌ஷனரி. நேத்து சாயங்காலத்துலேருந்து வார்த்தை வார்த்தையா தேடிப் படிச்சிட்டு இருக்கார். நாம உள்ள வந்தப்ப முழங்காலால மூடினாரே, அந்த இழுப்பறையில இருக்கும். எண்பதுலேருந்து எண்பத்தாறுக்குள்ள பட்டறை வார்த்தை என்ன இருக்கு?"

ஆசிரியை விடைப் பக்கத்தைத் தேடினாள். விரல் ஓரிடத்தில் நின்றது. "வார்னிஷ்," என்றாள். "எண்பத்து மூணு."

"டப்பா மேல இருக்கற வார்த்தை. அவருக்கு அது தமிழ் மாதிரி."

 கடைக்காரர் மெதுவாகச் சொன்னார்: "அப்போ அந்தப் பெரியவர் மீதி நாப்பத்தொன்பதையும் படிச்சிருப்பாரே."

"அதுல கிழவன்னு மட்டும் பதினோரு தடவை வருது சார்," என்றாள் ஆசிரியை. முகத்தை மூடிக்கொண்டாள். "நான் இனிமே அவர் முகத்துல எப்படி முழிப்பேன்?"

மாடிப்படியில் செருப்பில்லாத காலடி கேட்டது. பெரியவர் வாசலில் நின்றார். ஒரு கையில் தடித்த அகராதி, மறு கையில் தாள்கள்.

"மிக்ஸிக்காரங்க மிக்ஸியை விட்டுட்டு மாடியில என்ன பண்றாங்கன்னு நினைச்சேன்," என்றார். தாள்களை மேஜையில் வைத்தார். "எண்ணிக்கோம்மா. ஆறு இருக்கும்."

"மாமா..."

"ஒண்ணும் சொல்லாத. நீ கொண்டு வந்து குடுக்கறதெல்லாம் சர்க்கரை போட்டதுன்னு எனக்கு முதல் வருஷமே தெரியும். என் பிள்ளை வாய் எனக்குத் தெரியாதா? அது என் வாய்தானே." அவர் சிரிக்க முயன்றார், இருமல்தான் வந்தது. "கிழவன்ங்கறான், பிடிவாதம்ங்கறான். எல்லாம் நான் எதிர்பாத்ததுதான். அதுக்காக எடுக்கல."

"பின்ன எதுக்கு மாமா?"

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, காயிலை வார்னிஷ்ல முக்கிக் காய வைக்கற வேலையை என்கிட்டேருந்து அவன் எடுத்துக்கிட்டான். அப்பா ராத்திரியெல்லாம் இருமறார், அந்தப் புகையில அவர் இனிமே நிக்க வேண்டாம், அதை நான் பாத்துக்கறேன்னு சொன்னதா நீ வந்து சொன்னே. நான் நம்பல. கிழவன் கை நடுங்குது, வேலையைக் கெடுத்துடுவான்னு சொல்லியிருப்பான், நீதான் மாத்திச் சொல்றேன்னு நினைச்சேன். ரெண்டு வருஷமா அதையே நினைச்சேன்." அவர் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்தார். "நேத்து வார்னிஷ்ங்கற எழுத்தைப் பாத்தேன். என்னதான் சொன்னான்னு பாத்துடலாம்னு எடுத்தேன். அந்த ஒரு வரிக்கு ஒரு மணி நேரம் ஆச்சு. நீ அன்னைக்கு வந்து சொன்னதேதான் அதுல இருந்துச்சு. வேற எங்கயாவது இப்படி இன்னொண்ணு இருக்குமான்னு மீதி ஆறையும் படிச்சேன்."

"இருந்துச்சா?" கடைக்காரரால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"இல்ல. இது ஒண்ணுதான்." தாளை மறுபடி மடித்தார். "இதுல நீ எதுவும் போடலையே? அவன் சொன்னது இதானே?"

"அவர் சொன்னது அப்படியேதான் மாமா. அன்னைக்கு நானும் அப்படியேதான் சொன்னேன்."

"நீ தினமும் நல்லதா சொன்னதுல, நிஜமா நல்லது வந்தப்ப எனக்கு அடையாளம் தெரியல," என்றார் பெரியவர். அதைக் கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் ஆசிரியை தலை குனிந்தாள்.

"இந்தத் தாள் எனக்கு வேணும்மா. உன் புத்தகத்துக்கு இது இல்லாம ஆகாதா?"

"அதுக்கென்ன, ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டாப் போச்சு!" என்றார் கடைக்காரர். காலையிலிருந்து அவர் சொன்னவற்றில் சரியாக இருந்தது அது ஒன்றுதான். அவர் மனைவி அதைத் தலையசைத்து ஒப்புக்கொண்டார்.

பெரியவர் படி இறங்கத் திரும்பினார். பாதியில் நின்றார். "நீ அவன்கிட்ட போய்ச் சொல்லும்மா..."

ஆசிரியை பழக்கத்தில் எழுந்துவிட்டாள். பிறகு சுருக்கெழுத்து அம்மாவைப் பார்த்தாள். அவர் மஞ்சள் துண்டை மேஜையில் தட்டிக்கொண்டிருந்தார். ஆசிரியை மறுபடி உட்கார்ந்தாள்.

"நான் சொன்னா நீங்க நம்பமாட்டீங்க மாமா. நீங்களே சொல்லுங்க."

பெரியவர் மடித்த தாளைச் சட்டைப் பைக்குள் தள்ளினார். பிறகு இறங்கும் சத்தம். முன் அறையில் அது நிற்கவில்லை. நடையில் போயிற்று, இருபதடி. பின்கட்டில் மோட்டாரின் இரைச்சல் அடங்கியது.

மாடியில் மூன்று பேரும் படிக்கட்டுப் பக்கம் திரும்பினார்கள்.

"ஒரு மிக்ஸி வந்திருக்கு," என்று பெரியவரின் குரல் கேட்டது, சும்மா கேட்பதுபோல. "சுத்திக் குடுத்தா உன் வேலை நாளைக்குள்ள முடிஞ்சிடுமா?"

பதில் வர நேரமாயிற்று. "முடிஞ்சிடும்."

 ஏதோ ஸ்பானர் கீழே வைக்கப்பட்டது.

"இங்க நிக்காதீங்க," என்றது மகனின் குரல். "இப்பத்தான் வார்னிஷ்ல முக்கி எடுத்தேன். புகையா இருக்கு. உள்ள போங்கப்பா."

"எனக்குத் தெரியும்டா. நாப்பது வருஷம் இதுலதான் நின்னேன்."

"தெரிஞ்சா சரி. போங்க."

காலடி எதுவும் கேட்கவில்லை. அவர் போகவில்லை.

கடைக்காரருக்கு இடது காது கொஞ்சம் மந்தம். படிக்கட்டு வரை எட்டிப் பார்த்துவிட்டு வந்து கிசுகிசுத்தார்: "என்ன பேசிக்கறாங்க? சண்டையா, சமாதானமா?"

ஆசிரியை வழக்கம்போல வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

"அவங்களுக்குக் கேக்குதுங்க," என்றார் சுருக்கெழுத்து அம்மா, மஞ்சள் துண்டைக் கோப்புக்குள் அது இருந்த இடத்திலேயே செருகியபடி. "நமக்கு எதுக்கு? வாங்க, கடையைத் திறக்கலாம்."